கடைமடையும் மேலாண்மையும்

மேலாளர் என்பவர் எல்லாம் கற்று முடித்தவர் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் மீண்டும் வகுப்பறையில் அமர்ந்து என்ன கற்கப்போகிறார் என்று அவர்கள் வினவுவர். பணிக்காலப் பயிற்சி பதவி உயர்வுக்கான சான்றிதழ் தேடும் வழி என்று ஏளனம் செய்வோரும் உளர். அதில் சிறிது உண்மையும் இல்லாமல் இல்லை. ஆயினும் காவிரிப் படுகையின் நீர் மேலாண்மையை அறிந்தோர் அவ்வாறு கூறத் தயங்குவர்.

மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் நீர், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. வெண்ணாற்றின் கிளைகளுள் ஒன்றான வெள்ளையாறு வேளாங்கண்ணிக்கு அருகே கடலில் கலக்கிறது. அப்பகுதி வயல்கள் கடைமடை வயல்கள். வழியிலுள்ள மதகுகள் எல்லாம் எடுத்துக்கொண்ட பின் எஞ்சும் நீரே அவற்றை அடையும். தலைமடைப் பொறியாளரின் பதிவேட்டில் திறக்கப்பட்ட நீரின் அளவு பிழையின்றி எழுதப்பட்டிருக்கும். கடைமடையிலோ நாற்றங்கால் காய்ந்து கிடக்கும். பதிவேடும் பொய்யன்று, வயலும் பொய்யன்று. தம் எல்லைக்கு அப்பால் நிகழ்வதைக் காணும் வாய்ப்பே பொறியாளருக்கு இல்லை.

அவ்வாய்ப்பை அளிப்பதே பயிற்சியின் முதற்பயன். திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் பொறியாளர், வேளாண் அலுவலர், உழவர் ஆகிய முத்திறத்தார்க்கும் பயிற்சியளிக்கிறது. பொறியாளர் நீரைக் கன அடியால் அளப்பவர். வேளாண் அலுவலர் பயிரின் பருவத்தால் அளப்பவர். தூர் கட்டும் பருவத்தில் சில நாள் பொறுக்கும் நெல், கதிர் வெளிவரும் காலத்தில் பொறுக்காது. இதனை உணர்ந்த பொறியாளர் முறைப்பாசன அட்டவணை வகுக்கும்போது நாள்களை மட்டும் எண்ணமாட்டார். எவ்வூர்ப் பயிர் எந்நிலையில் உள்ளது என்றும் கேட்பார். நூலைப் படித்தே இதனை அறியலாமே எனின், அறியலாம்; எதிரில் அமர்ந்து வாதிடும் உழவரை நூல் தராது. அலுவலகத்தில் உழவர் மனு அளிப்பவர், அலுவலர் அதைப் பெறுபவர். பயிற்சிக்கூடத்தில் இருவரும் கற்பவர்.

பாசன மேலாண்மையில் உழவர்க்குப் பங்களிக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பின், ஆணையிடும் திறன் மட்டும் போதாதாயிற்று. கலந்து முடிவெடுக்கும் திறன் பொறியியல் பட்டத்தோடு வருவதன்று.

எனினும், பயிற்சி பெற்றுத் திரும்பும் அலுவலர் பழைய அட்டவணையையே பின்பற்றுமாறு பணிக்கப்பட்டால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும். அடுத்த பாசனப் பருவத்தில் அவரைக் கடைமடைக்கு அனுப்பி, எவ்வாய்க்காலுக்கு எந்நாளில் நீர் வந்தது என்று அவர் கையாலேயே எழுதச் செய்தல் வேண்டும். தலைமடைப் பதிவேட்டின் அருகிலேயே அக்குறிப்பும் வைக்கப்படுதல் வேண்டும்.