பூட்டிய எழுத்து

ஏட்டுச் சுவடியைச் செல் அரித்தது; கணிப்பொறிக் கோப்பை எதுவும் அரிக்காது என்பார்கள். சென்ற மாதம் எங்கள் துறையின் பழைய கட்டுரைக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். திரை முழுதும் பொருளற்ற குறிகள்! அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. நிறுவனத்துக்கு ஒரு வரிசை. அந்த எழுத்துரு இன்றேல் கட்டுரையும் இல்லை.

இந்நோய்க்கு மருந்து உண்டு. 1991-இல் யூனிகோடு தரத்தில் தமிழ் இடம்பெற்றது; 2010-இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது. அதே 1991-இல் பிறந்த லினக்ஸின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ‘இலவசப் பொருளில் தரம் ஏது?’ என்பர் நண்பர் சிலர். என் வாதம் விலையைப் பற்றியதன்று. சாவி யார் கையில் என்பதே கேள்வி.

மாணவத் தோழர்களே, திறந்த தரத்தில் எழுதுங்கள். நம் எழுத்தைப் படிக்க நம் பேரப்பிள்ளைகள் எவரிடமும் அனுமதி கேட்கும் நிலை வரலாகாது.