மூன்றரைத் தொன் என்னும் தூண்டில்

மெல்பேர்ணில் வாழும் நண்பர் ஒருவர் ஆறு மாதங்களாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தார். "அண்ணை, லாண்ட் குரூஸரோ, பற்றோலோ? ஒரு முடிவைச் சொல்லுங்கோ." முன்னொரு காலத்தில் பத்திரிகையின் வாகனப் பக்கத்தைச் சில ஆண்டுகள் கவனித்தவன் என்பதால் எனக்கு இவ்விடயத்தில் ஞானம் உண்டென்பது அவரது நம்பிக்கை. மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர், மாமியார் ஆகியோருடன் கராவன் ஒன்றை இழுத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவைச் சுற்றிவருவது அவரது நெடுநாட் கனவு. முழுச் சுமையுடன் 3500 கிலோ வரை எடை அனுமதிக்கப்பட்ட கராவனைத் தெரிவுசெய்தும் விட்டார். அதை இழுக்கும் வண்டி எது என்பது மட்டுமே அவருக்கு மிச்சமிருந்த ஐயம்.

இக்கேள்வியே தலைகீழானது என்பது என் வாதம். அதைத் தலைகீழாகக் கேட்கப் பழக்கியவர்கள் வாகன விற்பனையாளரும், அவர்கள் தரும் தாளை அப்படியே அச்சிடும் எம்போன்றோருமே.

ரொயோட்டா லாண்ட் குரூஸர் 300, நிசான் பற்றோல் வை62 ஆகிய இரண்டின் விளம்பரத்திலும் 3500 கிலோ இழுவைத்திறன் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எஞ்சினைப் பொறுத்தவரை அது பொய்யன்று. லாண்ட் குரூஸரின் 3.3 லீற்றர் டீசல் எஞ்சின் 700 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருகிறது. பற்றோலின் 5.6 லீற்றர் வீ8 எஞ்சின் 298 கிலோவாற் வலுவுடையது. மூன்றரைத் தொன்னை இவை மலையேற்றிவிடும். ஆனால் வண்டியின் முதுகு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிற்றெழுத்தில் ஒளிந்திருக்கிறது.

அக்கணக்கைச் செய்து பார்ப்போம். லாண்ட் குரூஸர் 300இன் உயர்தர வகைகளில், ஆட்கள், பொருட்கள் உட்பட வண்டியின் மொத்த எடை வரம்பு 3280 கிலோ. ஜீ.வீ.எம். என அங்கு வழங்குவது இதையே. தாங்கி நிறைந்த வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் ஏற்றத்தகும் சுமை ஏறத்தாழ 650 கிலோ. கராவனின் எடையில் பத்திலொரு பங்கு வண்டியின் இழுவைக் குமிழின்மீது அமர வேண்டும் என்பது அவுஸ்திரேலியாவில் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. கராவன் 3500 என்றால் குமிழில் 350. அது வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். மிஞ்சுவது 300 கிலோ. நண்பரின் குடும்பத்து ஐவரையும் கூட்டினால் 345 கிலோ! ஒரு தண்ணீர்ப் போத்தல் ஏற்றுவதற்கு முன்னரே வண்டி வரம்பைக் கடந்துவிட்டது. முன்னால் புல்பார், பின்னால் குளிர்ப்பெட்டி, கூரையிற் கூடாரம் என்று பட்டியல் நீண்டால் எங்கு போய் நிற்கும்?

பற்றோலின் வரம்பு 3500 கிலோ. ஏற்றத்தகும் சுமை சுமார் 700. குமிழ்ப் பாரம் போக 350. நண்பரின் குடும்பம் மட்டும் ஏறலாம். மாமியார் கைப்பை கொண்டுவரக் கூடாது.

அந்த 350 கிலோவும் பின் அச்சின்மீது அப்படியே இறங்குவதில்லை. குமிழ் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நீட்சி 1.2 மீற்றர் என்று கொண்டால், 2.85 மீற்றர் அச்சிடைத் தூரமுள்ள லாண்ட் குரூஸரின் பின் அச்சு ஏறத்தாழ 500 கிலோவைச் சுமக்கும். முன் அச்சிலிருந்து 150 கிலோ எடுபடும். வண்டியைத் திருப்புவதும், பிறேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் முன் சக்கரங்களே. எடைபகிர் கொளுவி பூட்டினால் இதன் ஒரு பகுதி முன்னால் மீளும். மொத்த எடை குறையாது.

2019இல் ஹியூம் நெடுஞ்சாலையில் உறவினர் ஒருவரது வண்டியின் பின்னிருக்கையில் இருந்தேன். பின்னால் பெரிய கராவன். பாரவண்டி ஒன்று எம்மை முந்திச் சென்றது. அதன் காற்று கராவனை முதலில் இழுத்தது, பின்னர் தள்ளியது. நாயின் வாலைப் பிடித்து யாரோ நாயையே ஆட்டுவது போலிருந்தது. சாரதி பதறிப் பிறேக்கை மிதிக்க ஆட்டம் கூடியது. வலப்புறத்து ஒழுங்கை வெறுமையாக இருந்தமையாலேயே இதை எழுதுகிறேன். மறுநாள் என் வற்புறுத்தலால் பொது எடைமேடைக்குச் சென்றோம். வண்டி தன் வரம்பைவிட 190 கிலோ அதிகம். "பத்து வருசமா இப்பிடித்தான் இழுக்கிறன், ஒண்டும் நடக்கேல்லையே" என்றார் உறவினர். விபத்துக்குள்ளான ஒவ்வொருவரும் முதல் நாள்வரை அப்படிச் சொல்லக்கூடியவரே. வரம்பு மீறிய எடையைக் காரணங்காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு என்றபோதுதான் அவர் முகம் மாறியது.

"தொங்குவில்லை மாற்றி ஜீ.வீ.எம்.மை உயர்த்தலாமே" என்பர் சிலர். உயர்த்தலாம், சட்டப்படி சான்றிதழும் பெறலாம். ஆனால் வண்டியும் கராவனும் சேர்ந்த மொத்த வரம்பு அதனால் தானாக உயர்வதில்லை. லாண்ட் குரூஸர் 300க்கு அது 6750 கிலோ, பற்றோலுக்கு 7000. வேறு சிலர் அமெரிக்க ராம் 1500 வண்டியைக் காட்டுகின்றனர். 70 மில்லிமீற்றர் குமிழுடன் அது 4500 கிலோ இழுக்குமாம். அதே பத்திலொரு பங்கைப் போட்டால் குமிழில் 450. பெரிய தூண்டில், அவ்வளவே.

இதில் என் குற்றமும் உண்டு. அறிமுக விழா, மதிய விருந்து, கையில் ஒரு கோப்பு. அதிலுள்ள படத்தையும் பெரிய எண்ணையும் எடுத்து அரைப்பக்கம் நிரப்பியவன் நான். சுமை எவ்வளவு ஏற்றலாம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இலங்கையில் லாண்ட் குரூஸர் கராவன் இழுப்பதில்லை, அமைச்சர்களை இழுத்துச் செல்கிறது என்பது ஒரு சமாதானமாகாது.

ஆகவே முதலில் ஐவரையும் நிறுத்துப் பாருங்கள். பின்னர் மூட்டை முடிச்சுகள். மிஞ்சும் சுமையே குமிழ்ப் பாரம். அதைப் பத்தால் பெருக்கினால் கராவனின் எடை வரும். நண்பரின் கணக்கு 2500 கிலோவைத் தாண்டவில்லை. பிரித்தானியாவில் புதியவர்களுக்குக் கூறப்படும் அறிவுரை இன்னும் கடுமை: கராவன் வண்டியின் வெற்று எடையில் 85 வீதத்துக்கு மேற்படலாகாது. கராவன் விற்பவர் கூறும் வெற்று எடையையும் நம்பிவிடக் கூடாது. 95 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கிகள் இரண்டு நிறைந்தால் 190 கிலோ கூடிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, லாண்ட் குரூஸரோ பற்றோலோ? என் தெரிவு பற்றோல். அதன் அச்சிடைத் தூரம் 3.075 மீற்றர், நீண்ட வண்டியைக் கராவன் எளிதில் ஆட்டாது. விலையும் குறைவு. பற்றோல் குடிப்பது பெற்றோல் என்பதே குறை: கராவன் இல்லாமலே நூறு கிலோமீற்றருக்கு 14.4 லீற்றர் என்பது உத்தியோகபூர்வக் கணக்கு, லாண்ட் குரூஸருக்கு 8.9. ஆனால் பற்றோலின் தாங்கி 140 லீற்றர். ரொயோட்டாவோ முந்தைய 200 தொடரில் 138 லீற்றராக இருந்த தாங்கியை 110 ஆகச் சுருக்கிவிட்டது. நல்லாபோரைக் கடப்பவனுக்கு இது நல்ல செய்தியன்று. ஆண்டு முழுவதும் ஊர் சுற்றுபவர் டீசலை எடுக்கட்டும். ஆண்டுக்கு நான்கு வாரம் இழுப்பவருக்கு, விலையில் மிஞ்சும் பணம் பல ஆண்டுப் பெற்றோலுக்குப் போதும். நான் கூறுவது வை62 பற்றியே. 2024இல் நிசான் வெளிப்படுத்திய அடுத்த தலைமுறையில் வீ8 எஞ்சின் இல்லை.

நண்பர் இரண்டு கிழமை பேசவில்லை. கராவனுக்குக் கட்டிய முற்பணத்தில் ஒரு பகுதி போய்விட்டதாம். நேற்று அழைத்தார். "அண்ணை, பதினெட்டடிக் கராவனுக்கை அஞ்சு பேர் படுக்கலாமோ?" இரட்டைத்தட்டுக் கட்டில் உள்ளவற்றைப் பார்க்கச் சொன்னேன். மாமியாருக்குக் கீழ்த்தட்டு.