கருவிகள் மட்டும் போதுமா?

நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2016-இல் தொடங்கிய இத்திட்டத்தின் கீழ் ஏற்கெனவே சுமார் 10,000 பள்ளிகளில் ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தையும் ரோபோ பாகங்களையும் கையாள வழிசெய்யும் திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆனால், கருவிகள் வந்துவிட்டால் அறிவியலும் வந்துவிடுமா?

இதற்கான விடை மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. இன்று நர்மதாபுரம் என்றழைக்கப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராமிய மையம் என்ற இரு தன்னார்வ அமைப்புகள் அதற்கு வித்திட்டன. பின்னர் ஏகலவ்யா அமைப்பு அதனை முன்னெடுத்துச் சென்றது. விலை குறைந்த எளிய பொருள்களைக் கொண்டு மாணவர்கள் சிறு குழுக்களாகச் சோதனை செய்து, தாங்களே முடிவுக்கு வந்தனர். தேர்வறையில் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 'எனக்கும் தெரியாது, சோதித்துப் பார்ப்போம்' என்று ஆசிரியர் சொல்வது இழுக்காகக் கருதப்படவில்லை. மாறியது பாடநூல் மட்டுமல்ல, வகுப்பறையின் பண்பாடே.

எனினும், அந்த மாற்றம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை மட்டுமே. கேள்வி கேட்டுப் பழகிய மாணவன் 9-ஆம் வகுப்பில் மீண்டும் மனப்பாடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. பொதுத் தேர்வு முடிவுகளும் மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் என்பதும் காரணங்களாகப் பேசப்பட்டன. முப்பதாண்டு உழைப்பு மதிப்பெண் தராசில் நிறுக்கப்பட்டது வேதனைக்குரியது.

அந்தத் தராசு இன்றும் மாறிவிடவில்லை. தொடக்க வகுப்பில் 'ஏன்?' என்று ஓயாமல் கேட்கும் குழந்தை, நடுநிலை வகுப்பில் குறிப்பெடுக்கிறது. மேல்நிலை வகுப்பிலோ, செய்யாத சோதனையின் முடிவைச் செய்முறைப் பதிவேட்டில் படியெடுக்கிறது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. தேர்ச்சி விகிதத்தை மட்டுமே கேட்கும் நிர்வாகமும் பெற்றோரும் இருக்கும்வரை, ஆய்வகத்தின் பூட்டு பார்வையாளர் வரும் நாளில்தான் திறக்கும்.

எனவே, ஆய்வகத்துக்கு நிதி ஒதுக்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. பாடவேளை அட்டவணையில் அதற்கு நேரம் வேண்டும். ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சி வேண்டும். தொடக்க வகுப்பு முதல் மேல்நிலை வரை தேர்வு முறை ஒரே திசையில் மாற வேண்டும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு. கேள்வி கேட்கும் மாணவனை உட்காரச் சொல்லும் பள்ளியில் அந்தக் கடமை எப்படி நிறைவேறும்?