எட்டுக்கு ஏழு

போட்டி என்று ஒன்று நடந்தால், ஜெயித்தவர் பரிசை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். தோற்றவருக்காகக் கட்சி பேசுகிறவர்கள்தான் விடிய விடியத் தூங்கமாட்டார்கள். இது நமது பரம்பரைச் சொத்து. உலகத்தைச் சுற்றி வந்த பிள்ளைக்குப் பழமா, பெற்றோரைச் சுற்றி வந்த பிள்ளைக்குப் பழமா என்ற வழக்கே நம் வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதிலும் சுவாமிமலைக்காரர்களிடம் கேட்டால் சொல்லவே வேண்டாம். தகப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமிநாதன் குடியிருக்கும் ஊர் அல்லவா? "பழம் எங்கள் பிள்ளைக்குத்தான் சேரவேண்டும்" என்று கோயிலின் அறுபது படியிலும் நின்று வாதாடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில், என் சித்தி வீட்டில், சென்ற மாதம் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. இது பழ வழக்கு அல்ல. குத்துச் சண்டை வழக்கு!

சித்தியின் பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு மேரி கோமைப் பற்றி எழுதி வைத்திருந்தாள். "டோக்கியோவில் மேரி கோம் ஏமாற்றப்பட்டார்" என்பது அவளுடைய முடிவுரை. கைதட்டல் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது வாஸ்தவம்தானா?

குத்துச் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் சகோதரிகளுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிப்பூரில் பிறந்த மேரி கோம் ஆறு முறை உலக சாம்பியன். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். குழந்தைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே மறுபடியும் மேடையேறி வென்றவர். 2021 ஜூலை 29 அன்று, தமது 38-வது வயதில், டோக்கியோவில் கொலம்பியா நாட்டு இங்க்ரிட் வலென்ஸியாவைச் சந்தித்தார். அதற்கு முன் இரண்டு முறை தாம் தோற்கடித்த அதே வலென்ஸியாதான். சண்டை மூன்று சுற்று. நடுவர்கள் ஐந்து பேர். முதல் சுற்றில் நான்கு நடுவர்கள் வலென்ஸியாவே மேல் என்றார்கள். இரண்டாவது சுற்றில் மூன்று பேர் மேரி பக்கம். மூன்றாவதிலும் மூன்று பேர் மேரி பக்கம். ஆனால் கடைசித் தீர்ப்பு, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வலென்ஸியாவுக்கு! மேரி எதிராளியைக் கட்டித் தழுவிக்கொண்டு சிரித்த முகத்துடனேயே வெளியே வந்தார். தாம் ஜெயித்துவிட்டதாகவே அதுவரை நம்பியிருந்ததாகப் பின்னால் சொன்னார்.

பேத்தியின் கைப்பேசியில் சண்டையைப் பார்த்ததும் சித்திக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"மூணு சுற்றிலே ரெண்டு சுற்று இவ கையிலே. அப்புறமும் தோத்துட்டான்னா, இது எந்த ஊர் நியாயம்?"

மருமகள் அடக்கமாகத்தான் ஆரம்பித்தாள். "அத்தை, நாம ஒரே பக்கத்திலேருந்து படம் பார்த்தோம். அவங்க அஞ்சு பேரும் மேடையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தாங்க. ஒருத்தர் கண்ணுக்குத் தெரியற குத்து இன்னொருத்தருக்கு முதுகு மறைச்சுத் தெரியாமப் போகும் இல்லையா?"

"நீ எப்பவும் எதிர்க்கட்சிதான்!" என்றாள் சித்தி.

சித்தப்பா கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்புறத்தில் கட்டம் போட்டார். நடுவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்கு எழுதுகிறார்கள். சுற்றில் மேலானவருக்கு 10. மற்றவருக்குப் பெரும்பாலும் 9. மூன்று சுற்றையும் கூட்டிய பிறகு, எத்தனை நடுவர்களின் கணக்கில் யார் முந்துகிறார் என்பதுதான் முடிவு. ஐந்து நடுவர், மூன்று சுற்று. ஆக மொத்தம் பதினைந்து தீர்ப்புகள். வலென்ஸியாவுக்கு 4, 2, 2, கூட்டினால் எட்டு. மேரிக்கு 1, 3, 3, கூட்டினால் ஏழு.

"இரண்டு மாசம் பத்துப் பத்து ரூபாய் மிச்சம் பிடிச்சே. ஒரு மாசம் முப்பது ரூபாய் துண்டு விழுந்தது. வருஷக் கடைசியிலே கையிலே என்ன இருக்கும்?" என்று சித்தியைக் கேட்டார். சித்தி பதில் சொல்லவில்லை. கணக்கில் சித்தப்பாவை ஜெயிக்க முடியாது என்பது அவளுக்கு நாற்பது வருஷ அனுபவம்.

அடுத்த வீட்டுக்காரர் சிலை வார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். அவரும் ஒரு வார்த்தை சொன்னார். "மெழுகிலே முகம் கோணினா வெண்கலத்திலும் கோணல்தான் வரும். உளியாலே கொஞ்சம் திருத்தலாம். அடியோட மாற்ற முடியாது." முதல் சுற்றில் விட்டதைப் பின் இரண்டு சுற்றுகளால் முழுக்கத் திருத்த முடியவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

பணத்துக்காகச் சண்டை போடும் தொழில்முறைப் பந்தயங்களிலும் இதே கதைதான். 2024 நவம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் அயர்லாந்து நாட்டுக் கேட்டி டெய்லரும் பியூர்டோ ரீகோவில் பிறந்த அமாண்டா செரானோவும் மோதினார்கள். எண்ணிப் பார்த்தவர்கள், செரானோ 324 குத்து விட்டார், டெய்லர் 217 தான் என்றார்கள். தலையால் மோதியதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளி வேறு பறிபோயிற்று. அப்படியிருந்தும் மூன்று நடுவர்களும் 95-க்கு 94 என்று டெய்லருக்கே தீர்ப்பளித்தார்கள். காரணம், பத்துச் சுற்றுகளில் ஆறு அவருடையவை என்பது அவர்கள் எண்ணம். ஒரு சுற்றில் நூறு குத்து விட்டாலும் அது ஒரு சுற்றுதான். ஜனங்கள் கூட்டத்தில் கூச்சல் போட்டார்கள். இன்றைக்கும் அந்த விவாதம் ஓயவில்லை.

அப்படியானால் நடுவர்கள் தப்பே செய்யமாட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து விட, கொரியாவின் பார்க் சி ஹுன் விட்டது 32. தங்கமோ மூன்றுக்கு இரண்டு என்று பார்க்குக்குப் போயிற்று! அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1992 ஒலிம்பிக்கிலிருந்து குத்துகளை யந்திரத்தால் எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். பின்னால் அதுவும் கைவிடப்பட்டது. 2023-ல் பார்க்கே அமெரிக்காவுக்குப் போய் அந்தப் பதக்கத்தை ஜோன்ஸிடம் ஒப்படைத்தார். ஏமாற்று என்றால் அது ஏமாற்று.

டோக்கியோவை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அது நூலிழைச் சண்டை. மேரி ஜெயித்திருந்தால், "இது அநியாயம்" என்று கொலம்பியாவில் ஒரு சித்தி கத்தியிருப்பாள். அவள் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். ஆனால் மேரியின் ஒரு குறையை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க வழியே இல்லை என்று அவர் வருத்தப்பட்டார். நாற்பது வயதுக்கு மேல் அந்த மேடையில் இடம் கிடையாது என்பது விதி. கடைசி ஒலிம்பிக்கில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, "ஏன்?" என்று கேட்கக்கூட ஒரு வாசல் இல்லை என்பது கொடுமைதான்.

பேத்தி தன் முடிவுரையை அடித்துவிட்டு, "எட்டுக்கு ஏழு என்று தோற்றார்" என்று எழுதிக்கொண்டாள். கைதட்டல் குறையும் என்று அவளுக்குக் கவலை. சித்தி மட்டும் கடைசிவரையில் மசியவில்லை.

சகோதரிகளே, நம் பிள்ளைகள் பாட்டுப் போட்டியிலோ ஓட்டப் பந்தயத்திலோ ஒரு மார்க்கில் தோற்று அழுதுகொண்டு வருவார்கள். "அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துவிடுவது சுலபம். அதைச் சொல்வதற்கு முன்னால், "எந்தச் சுற்றில் விட்டாய், கண்ணே?" என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். விசாரித்த பிறகும் அது ஏமாற்றுதான் என்று தெரிந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேளுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.