போட்டி நல்லது, பூட்டு வேண்டாம்

வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் இன்று கம்ப்யூட்டரின் தயவில்தான் நடக்கின்றன. அவற்றைத் தாங்கும் சர்வர்கள் இரவு பகலாக மின்சாரத்தைக் குடிக்கின்றன. அவற்றின் சூட்டைத் தணிக்கவும் மின்சாரம் வேண்டும்.

இத்துறையில் இன்டெல் வகுத்த எக்ஸ்86 அமைப்பே நெடுங்காலம் கோலோச்சியது. செல்போனில் பெயரெடுத்த, சிக்கனமான ஆர்ம் அமைப்பு எதிர்த்து வந்தது. முதலில் சறுக்கியது: அதை நம்பி இறங்கிய கால்செடா கம்பெனி, வாடிக்கையாளர்கள் மாறுவதற்குள் பணம் தீர்ந்து, 2013இல் மூடப்பட்டது. 2018இல் அமேசான் தனக்கென ‘கிராவிட்டான்’ என்னும் ஆர்ம் சிப்பைக் கொண்டுவந்தபின் காற்று திசை மாறியது. 2024இல் இன்டெலே 144 சிறு கோர்கள் கொண்ட சிக்கனமான ஜியானை இறக்கியது. போட்டியின் பலன் இதுவே!

மூன்றாவதாக, உரிமைத் தொகை கேட்காத ரிஸ்க்-ஃபைவ் வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ அதன்மீது எழுந்ததே.

அரசு இலாகாக்கள் டெண்டரில் சிப்பின் பெயரை எழுதலாகாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடக்கும் என்றே கேட்க வேண்டும். புரோகிராம்களும் எந்த அமைப்பிலும் ஓடும்படி எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால், சிப் மலிந்தாலும் மாற வழியிராது. விற்பவன் சொன்னதே விலையாகும். அந்தச் சுமை கடைசியில் வரியாகவும் கட்டணமாகவும் நம் தலையில்தான் விடியும்.