சுருக்கப் பட்டியலில் தேதி இருக்காது

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் நாலு பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லோரும் ஒரகடம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. அதில் ஒருவன், திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், போன வாரம் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தான்.

“தாத்தா, விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க.”

விஷயம் இதுதான். நைட் ஷிப்டில் ஒரு ப்ளோயர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது மூன்று விநாடி கீச்சென்று கத்துகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது என்று இவன் வாயால் சொல்லியிருக்கிறான். சென்ஸார் வைத்து அரைமணி நேரம் அளந்து பார்த்து, “ரிப்போர்ட் சுத்தமா இருக்கு, போய் வேலையைப் பாரு” என்றார்களாம். மூன்றாம் வாரம் பேரிங் பிடித்து மோட்டார் நின்றது. இப்போது, “ஏன் தெரிவிக்கவில்லை?” என்று இவனிடமே கேள்வி.

அந்த ரிப்போர்ட்டின் மூலவர் ஃபூரியே. இங்கே ஃபோரியர் என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த என் காதுக்கு அது கொஞ்சம் உறுத்தும், போகட்டும். மனிதர் எங்கள் ஜாதி, அதாவது அரசு ஊழியர். 1802 முதல் கிரெனோபிளில் பிரேஃபே, நம் கணக்கில் கலெக்டர். கோப்பு பார்த்துக்கொண்டே வெப்பம் பரவுவதை ஆராய்ந்து 1807-ல் கட்டுரை கொடுத்தார். லக்ராஞ்ஜ் போன்ற பெரியவர்கள் ஒப்பவில்லை. புத்தகமாக வர 1822 ஆயிற்று. கோப்பு நிலுவையில் கிடப்பது நமக்குப் புதிதா என்ன!

சிக்கலான அலை எதையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்றார். நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும் தண்டில் எடை ஒரு பக்கம் கூடினால் 25 ஹெர்ட்ஸில் கோடு உயரும். பேரிங் கெட்டால் வேறு இடத்தில் உயரும். இரண்டும் சேர்ந்து வந்தாலும் இரண்டு கோடும் தனித்தனியே தெரியும். மெச்சவேண்டிய வித்தைதான்.

ஆனால் ஒரு ஓசையைக் காலை 6 மணிக்கு எழுப்பினாலும் ராத்திரி 11 மணிக்கு எழுப்பினாலும் அந்தக் கோடுகளின் உயரம் மாறாது. நேரம் எங்கே போயிற்று? ‘கட்டம்’ என்கிற இன்னொரு பாதியில் இருக்கிறது. இரண்டையும் வைத்திருந்தால் பழைய ஓசையை அப்படியே மீட்கலாம். இவர்கள் காட்டிய ரிப்போர்ட்டில் உயரம் மட்டும்தான். போதாததற்குச் சராசரி வேறு: 1800 விநாடியில் 3 விநாடிக் கீச்சின் பலம் 600-ல் ஒரு பங்காகக் கரைந்துவிடும்.

அலுவலகத்தில் மாதக் கடைசியில் செலவுச் சுருக்கம் போடுவோம். பயணப்படி இவ்வளவு, எழுதுபொருள் இவ்வளவு. கூட்டல் பைசா பிசகாது. எந்தத் தேதியில் என்று கேட்டால் ரொக்கப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போன தணிக்கைக்காரரை என் சர்வீஸில் நான் கண்டதில்லை.

கருவியில் குறை இல்லை. ஓசையைத் துண்டு துண்டாக வெட்டிப் பிரிக்கும் முறையை கபோர் 1946-லேயே எழுதிவிட்டார். ஒரு விநாடித் துண்டு என்றால் 1 ஹெர்ட்ஸ் வரை பிரித்துச் சொல்லும். பத்தில் ஒரு விநாடி என்றால் 10 ஹெர்ட்ஸ்தான். நேரத்தையும் சுருதியையும் ஒரேயடியாகத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. மூன்று விநாடிக் கீச்சுக்கு இதுவே தாராளம். ஆனால் எந்த நேரத்தில் வெட்டிப் பார்ப்பது என்று சொல்லக்கூடியவன் அந்த மூன்று விநாடியும் பக்கத்தில் நின்றவன் ஒருவன்தான். அவனைத்தான் போகச் சொல்லிவிட்டார்கள்.

விளக்கத்தை நானே எழுதிக் கொடுத்தேன். எந்தெந்த ராத்திரி, எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னான் என்று அவன் நினைவில் இருந்ததெல்லாம் வரிசையாகச் சேர்த்தேன். ஸ்டார்ட் ஆகும் நேரத்துப் பதிவு இருந்தால் எடுத்துப் பார்க்கும்படி கடைசியில் ஒரு பத்தி. பதில் இன்னும் வரவில்லை. பையனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதி, நேரம், விவரம், யாரிடம் சொன்னது என்று நாலு பத்திக்குக் கோடும் போட்டாயிற்று.