புதிதாய்ப் பறக்க வருவோன்

அயல் வீட்டு மாணவன் ஒருவன், விடுமுறை நாளொன்றிற் கணினியின் முன் அமர்ந்து, இணையவழி ஆகாயப் போர் விளையாட்டொன்றை முதன்முறையாகத் தொடங்கினான். விமானம் எழுந்தது, மேகத்தைக் கடந்தது, சிறிது நேரத்திலே தீப்பற்றி வீழ்ந்தது. சுட்டவன் யார், எத்திசையிலிருந்து வந்தான் என்பதை அவன் அறியான். ஐந்து முறை அவ்வாறே நிகழ்ந்தது. உடன் விளையாடியோர் எழுதி அனுப்பியவையோ ஏளனச் சொற்கள். ஆறாம் முறை அவன் விளையாடவில்லை.

தோற்றவன் அம்மாணவன் மட்டுமல்லன், அவ்விளையாட்டுந் தோற்றது. புதியோர் வந்து நிலைக்காத களத்திலே பழையோர் எத்துணைக் காலந்தான் தம்முள்ளே பொருதுகொண்டிருப்பர்?

ஆகாயப் போரில் உயரமே முதற் செல்வம். மேலே பறப்பவன் தன் உயரத்தை வேகமாக மாற்றிப் பாய்வான். தாக்கியபின் மீண்டும் மேலெழுவான். புதியவனோ கண்ணிற்பட்ட பகைவனைத் துரத்தி, வளைந்து வளைந்து வேகத்தை இழந்து, எளிய இலக்காவான். இதனை அறிந்த விளையாட்டமைப்போர் சில உதவிகளைச் செய்துள்ளனர். ‘வோர் தண்டர்’ என்னும் விளையாட்டில் எளிதிலிருந்து கடினம் வரை மூவகைச் சமர்கள் உண்டு. எளியதில், எவ்விடத்தைக் குறிவைத்தாற் குண்டு படும் என்பதைத் திரையிலே ஓர் அடையாளம் காட்டும். நன்று, ஆயினும் அவ்வடையாளம் கையைப் பழக்குமேயன்றிக் கண்ணைப் பழக்காது. “பின்னால் ஒருவன் வருகிறான், திரும்பு” என்று சொல்ல ஒரு தோழன் வேண்டும்.

முதலாம் உலகப் போரின் விமானிகள் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். ஜேர்மனியரான ஒஸ்வால்ட் போல்க்கே, 1916 இல் வான்போர் விதிகளை எழுத்தில் வகுத்தார். தம் அணிக்கு வந்த இளைஞரைத் தாமே பயிற்றி, அவ்வாண்டு செப்டெம்பர் 17 ஆம் நாள் களத்துக்கு அழைத்துச் சென்றார். அவருள் ஒருவரான மன்ஃபிரெட் வொன் ரிச்தோஃபென் அன்றே தமது முதல் வெற்றியைப் பெற்றார். 1917 இல் இங்கிலாந்தின் கொஸ்போட் நகரிலே ரொபர்ட் ஸ்மித்-பரி, ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்திற் பறந்து பேசுகுழாய்வழி உரையாடும் முறையைப் புகுத்தினார். அபாயத்தை விலக்கி ஒளித்து வைத்தல் அவர் முறையன்று; அதனுள் எவ்வாறு வீழ்கிறோம், எவ்வாறு மீள்கிறோம் என்பதை ஆசிரியர் அருகிருந்து காட்டுதலே அவர் முறை.

இன்றைய விளையாட்டுக்கும் இதுவே மருந்து. புதியவனுக்குத் தேர்ந்தவன் ஒருவனைத் துணையாக்குக. அத்துணைக்கு வெகுமதியும் அளிக்குக. சமர் முடிந்தபின் அதன் பதிவை இருவரும் மீண்டும் பார்த்து, எக்கணத்திற் பிழை நேர்ந்தது என ஆராய்க. தொடக்க நாட்களிற் புதியோரைப் புதியோருடனேயே பொருத விடுக.

அன்றைய மாணவன் பிழைத்தால் உயிர் போயிற்று. இன்றைய மாணவன் பிழைத்தாற் போவது ஆர்வம் மட்டுமே. ஆதலால், ஏளனஞ் செய்யாது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க நமக்கு நேரமில்லை என்று கூறல் பொருந்துமா? மாணவர்களே, நீங்கள் தேர்ந்தோராயின், அடுத்த முறை வீழ்ந்தவனுக்கு முதலில் வழி காட்டுங்கள். நீங்களும் ஒருநாள் வீழ்ந்தே பறக்கக் கற்றீர்கள்.